பாதரசத் தெருவில் அம்மாவோடு

முதல் நாள்: சியாட்டிலிலிருந்து வாலஸ்

அம்மாவிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை. "மான்டானாவில் பியூட்டுன்னு ஒரு பழைய சுரங்க ஊர் இருக்கும்மா, தாத்தா வேலை பார்த்த மாதிரியே ஆழச் சுரங்கம்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த ஊரின் சிவப்பு விளக்குத் தெருவைச் சுற்றிக் காட்டும் நடைப் பயணத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அம்மா பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். தாத்தா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கம் என்று சொன்னால் போதும், அம்மா செருப்பை மாட்டிக்கொள்வாள். விசாவில் வந்து மூன்று மாதமாக என் அபார்ட்மென்டின் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எங்கே போகிறோம் என்பது இரண்டாம் பட்சம்தான்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஐ-90 நெடுஞ்சாலை, நேர் கிழக்கு. மலையைத் தாண்டியதும் பச்சை வற்றிப்போகிறது. கொலம்பியா ஆற்றைக் கடந்தபின் கோதுமை நிலம், மறுபடி கோதுமை நிலம். ஓய்விடம் ஒன்றில் புளியோதரை சாப்பிட்டோம். ஸ்போக்கேன் தாண்டி, ஐடஹோவுக்குள் நுழைந்து, சாயங்காலம் வாலஸ்.

சின்ன ஊர். இரண்டு பக்கமும் மலை நெருக்குகிறது, நெடுஞ்சாலை ஊரின் தலைக்குமேல் தூண்களில் ஓடுகிறது. 1991 வரை அந்த நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே போயிருக்கிறது. சியாட்டிலிலிருந்து பாஸ்டன் வரைக்கும் அதில் கடைசியாக மிஞ்சியிருந்த டிராஃபிக் சிக்னல் இங்கேதான் இருந்ததாம். சுற்றிலும் வெள்ளிச் சுரங்கங்கள். இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து நூறு கோடி அவுன்ஸுக்கு மேல் வெள்ளி எடுத்திருக்கிறார்கள். வழியில் சன்ஷைன் சுரங்க நினைவிடத்தில் நிறுத்தினோம். 1972-ல் உள்ளே தீப்பிடித்து 91 பேர் இறந்த இடம். தலையில் விளக்கோடு நிற்கும் தொழிலாளி சிலையை அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "எங்க ஊர்ல ராக் பர்ஸ்ட். இங்கே புகையா?" என்று மட்டும் கேட்டாள். ராக் பர்ஸ்ட் என்றால் ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவது.

வாலஸில் ஓயாசிஸ் என்ற பழைய விடுதி இப்போது அருங்காட்சியகம். கீழே கடை, மாடியில் அறைகள். 1988 ஜனவரியில் எஃப்.பி.ஐ. சோதனைக்கு வருகிறது என்று வதந்தி கிளம்பி, உள்ளே இருந்த பெண்கள் அவசரமாகக் கிளம்பிவிட்டார்கள். திரும்பி வரவே இல்லை. துணி, செருப்பு, சமையலறையில் மளிகைப் பை, எல்லாம் போட்டது போட்டபடி. ஆமாம், 1988 வரை நடந்திருக்கிறது. நான் பிறந்த பிறகு!

"பழைய வீடும்மா, எப்படி வாழ்ந்தாங்கன்னு காட்டுவாங்க" என்று சொல்லித்தான் மாடிக்குக் கூட்டிப்போனேன். ஓர் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் சமையலறை டைமர் ஒன்று இருந்தது. திருகினால் டிக் டிக் என்று ஓடி மணியடிக்குமே, அது. அம்மா குனிந்து பார்த்தாள்.

"இட்லிக்கு நான் வெச்சிருக்கிற அதே மாதிரிதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"கட்டில் பக்கத்துல எதுக்கு இட்லி டைமர்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியாடி? கீழே டிக்கெட் வாங்கறப்பவே தெரியும்."

இரவு மோட்டலில் பியூட் நடைப் பயண விஷயத்தையும் சொல்லிவிட்டேன். தலைகாணியைத் தட்டிப் போட்டுக்கொண்டே, "அதுக்கு ஏன் இவ்ளோ மூடி மறைக்கிற? சுரங்கம் இருந்தா அதுவும் இருக்கும்" என்றாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, அதனால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள்: பியூட், மெர்க்குரி தெரு

லுக்அவுட் கணவாயில் மாநில எல்லை. அங்கேயே நேர மண்டலமும் மாறுகிறது. பத்து வருடமாக அமெரிக்காவில் இருக்கிறேன், இருந்தும் மறந்துவிட்டேன். மிசூலாவில் நிதானமாகக் காபி குடித்துவிட்டு ஃபோனைப் பார்த்தால் ஒரு மணி நேரம் காணோம். பியூட்டுக்குள் நுழைந்தபோது எங்கள் நடைப் பயணம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஏற்றத்தில் அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஐயாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் ஓடக் கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது. நல்லவேளை, குழு இரண்டாவது தெருமுனையிலேயே நின்றிருந்தது. எங்களோடு சேர்த்துப் பத்துப் பேர்.

வழிகாட்டி எழுபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெண்மணி. இந்த ஊரிலேயே பிறந்தவர், சுரங்கத் தொழிலாளி மகள். அம்மாவைப் பற்றிச் சொன்னதும், "உங்கப்பா எவ்வளவு ஆழம்?" என்றுதான் முதலில் கேட்டார். அம்மா விரல்களை விரித்து, "பத்தாயிரம் அடி" என்றாள். வழிகாட்டி குழுவைப் பார்த்து, "கேட்டுக்கொள்ளுங்கள், நமக்கு இவ்வளவு இல்லை" என்றார். பியூட்டின் மௌன்டன் கான் சுரங்கம் ஒரு மைல் ஆழம். ஊரும் ஒரு மைல் உயரத்தில் இருப்பதால் 'மைல் உயரம், மைல் ஆழம்' என்று அதன்மேல் எழுதியே வைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மா அந்தப் பெருமையை ஒரு கை விரிப்பில் காலி செய்தாள்.

ஊரைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1864-ல் ஓடையில் தங்கம் அரிக்க வந்தார்கள். அப்புறம் வெள்ளி. 1880-களில்தான் தாமிரம். அது சரியான நேரம். உலகம் முழுக்க மின்சாரக் கம்பியும் தந்திக் கம்பியும் இழுக்கத் தொடங்கியிருந்தார்கள், கம்பிக்குத் தாமிரம் வேண்டும். மார்கஸ் டேலி, வில்லியம் கிளார்க், அகஸ்டஸ் ஹைன்ஸ் என்று மூன்று தாமிர ராஜாக்கள் இந்த ஒரு குன்றுக்காக அடித்துக்கொண்டார்கள். 'பூமியிலேயே பணக்காரக் குன்று' என்று பெயர். அயர்லாந்து, கார்ன்வால், ஃபின்லாந்து, இத்தாலி, செர்பியா, சீனா என்று எங்கெங்கிருந்தோ ஆள் வந்தார்கள். சுரங்கத்துக்குள் 'புகை பிடிக்காதே' என்பதை 16 மொழிகளில் எழுதி வைத்தார்களாம். சம்பளம் நாளுக்கு மூன்றரை டாலர், அந்தக் காலத்தில் அது நல்ல காசு. இருபத்து நான்கு மணி நேரமும் ஷிஃப்ட். அதனால் கடைகளும் சாராயக் கூடங்களும் மூடுவதே இல்லை. கையில் காசு, ஊரில் குடும்பம் இல்லாத ஆயிரக்கணக்கான இளைஞர்கள், நாளைக்கு மேலே வருவோமா என்ற சந்தேகம். மிச்சத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கே தெருக்களுக்கெல்லாம் தாதுக்களின் பெயர். கிரானைட், குவார்ட்ஸ், கலீனா, பாதரசம் என்கிற மெர்க்குரி, வெள்ளி, பிளாட்டினம். சிவப்பு விளக்குப் பகுதி கலீனாவுக்கும் மெர்க்குரிக்கும் இடையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்துக்கு முதலில் பிளெசன்ட் சந்து என்று பெயர், பிற்பாடு காதல் தேவதை வீனஸின் பெயரால் வீனஸ் சந்து என்றே ஆகிவிட்டது. இங்கே வழிகாட்டி ஒரு பழைய டாக்டர் கிண்டலைச் சொன்னார்: வீனஸோடு ஒரு இரவு, மெர்க்குரியோடு ஆயுள் முழுக்க. மேகநோய்க்கு 1910 வாக்கில் புது மருந்து வரும் வரைக்கும் பாதரசம்தான் வைத்தியம். பல் கொட்டும், நாக்கு வீங்கும், நோயும் போகாது. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். சிரிக்கவில்லை. "அவளுக்கு வந்தா யார் வைத்தியம் பார்த்தா?" என்று கேட்டாள்.

சந்தில் இப்போது ஒன்றும் இல்லை. புல், சரளைக் கல், தகட்டில் வெட்டி நிறுத்திய ஆண் பெண் நிழலுருவங்கள். ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் வரிசையாகக் 'கிரிப்' இருந்த இடம். கிரிப் என்றால் ஓர் அறை. ஒரு கதவு, ஒரு சன்னல், கட்டில், அடுப்பு, முகம் கழுவ ஒரு பேசின், அவ்வளவுதான். குழந்தைத் தொட்டிலுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல். பெண் சன்னலில் உட்கார்ந்திருப்பாள், ஆண்கள் சந்தில் நடப்பார்கள். ஷிஃப்ட் மாறும்போது சந்து நிரம்பிவிடுமாம்.

வழிகாட்டி ஒரு நகல் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். தீக்காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் கட்டடம் கட்டடமாக வரைந்தது. எந்தச் சுவர் செங்கல், எது மரம், எங்கே அடுப்பு, எல்லாம் குறித்திருக்கிறார்கள். இந்தத் தெருவிலுள்ள கட்டங்களில் மட்டும் இரண்டெழுத்துச் சுருக்கம். விரித்தால் 'பெண்கள் தங்குமிடம்' என்று அர்த்தம். அமெரிக்கா முழுக்க எந்த ஊர் வரைபடத்திலும் அந்தச் சுருக்கத்தைப் பார்த்தால் அது இதுதானாம். தீப்பிடித்தால் கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட வந்தவர்கள் எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார்கள்!

நகரசபைக்கும் கணக்கு உண்டு. தொழில் சட்டவிரோதம். ஆனால் மாதாமாதம் பெண்கள் அபராதம் கட்டிவிட்டு வந்து தொழிலைத் தொடரலாம். அம்மாவுக்கு இதை மொழிபெயர்க்க அதிகம் பாடுபடவில்லை.

"மாமூல்" என்றாள்.

"ரசீது கொடுத்திருக்காங்கம்மா."

"அப்போ ரசீதோட மாமூல்."

இதை நான் குழுவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். பாதிச் சுவை போய்விட்டது, இருந்தும் வழிகாட்டி குறித்துக்கொண்டார்.

மெர்க்குரி தெருவில் ப்ளூ ரேஞ்ச் என்று ஒரு கட்டடம், 1897-ல் கட்டியது. தெருவைப் பார்த்துக் கதவு, சன்னல், கதவு, சன்னல் என்று நெருக்கமாக வரிசை. முதல் பார்வைக்கு அம்மாவின் தங்கவயல் லைன் வீடுகள் மாதிரி இருந்தது. அதை நான் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னாள். நான் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

அதே தெருவில் டூமாஸ். இதற்காகத்தான் வந்தேன். செங்கல் கட்டடம், இரண்டு மாடி, ஒடுங்கிய முகப்பு. தெரியாமல் போனால் ஏதோ பழைய லாட்ஜ் என்று கடந்துவிடுவோம். 1890-ல் நடோ என்ற பிரெஞ்சு கனடியச் சகோதரர்கள் கட்டியது. வேறெதற்கோ கட்டி இப்படி ஆனதில்லை, கட்டும்போதே இந்தத் தொழிலுக்கென்று வரைந்து கட்டியது. 1982 வரை, 92 வருடம் ஓடியது.

உள்ளே நுழைந்தால் மருந்தும் பழைய மரமும் கலந்த வாடை. நீளமான நடைவழி, இரண்டு பக்கமும் அறைகள். ஒவ்வொரு அறைக்கும் கதவுக்குப் பக்கத்தில் பெரிய சன்னல், அதுவும் நடைவழியைப் பார்த்து. வெளி உலகத்தைப் பார்க்கிற சன்னல் இல்லை அது. தெருவையே வீட்டுக்குள் கொண்டுவந்த மாதிரி ஒரு ஏற்பாடு. மேல் மாடியில் கூரையிலிருந்து கண்ணாடி வழியாக வெளிச்சம் விழுகிறது. பகல் ஷிஃப்ட் ஆட்களும் இரவு ஷிஃப்ட் ஆட்களும் வருவதால் பகலும் வேண்டும், இரவும் வேண்டும்.

ஒரு சன்னல் சட்டத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். பெயின்ட் பிளந்து அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலே வெளுத்த பச்சை, அதன் அடியில் பழுப்பு, அதற்கும் அடியில் ஒரு ரோஸ். சட்டத்தின் கீழ்க்கட்டையில், இடது ஓரத்தில் மட்டும் பெயின்ட் சுத்தமாகத் தேய்ந்து மரம் வழவழவென்று இருந்தது. எல்லா அடுக்கும் அங்கே போயிருந்தது. அம்மா வந்து தன் முழங்கையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால் முழங்கை ஊன்றும் இடம்.

காசுள்ளவர்களுக்கு மேலே, கூலிக்காரர்களுக்கு நிலவறை. நிலவறைக் கிரிப்புகளில் கூரை என் தலையைத் தொட்டது. நடைபாதைக்கு அடியிலேயே இந்த ஊரில் நிறைய இடம் இருக்கிறது. மேலே நடைபாதையில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கட்டிகள் பதித்து வெளிச்சம் இறக்கியிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி நூறு வருட வெயிலில் ஊதாவாக மாறிவிட்டது. கண்ணாடியில் கலந்த மாங்கனீஸ் செய்கிற வேலை. மேலே நடக்கும்போது அழகாக இருந்தது, கீழே நின்று யோசித்தால் அப்படி இல்லை. 1943-ல் உலகப் போரின்போது படைவீரர்களுக்கு நோய் பரவாமல் இருக்க அமெரிக்க அரசு நாடு முழுக்க இந்த மாதிரித் தெருக்களை மூடச் சொன்னது. கிரிப்புகள் அதோடு போயின. டூமாஸ் மட்டும் எப்படியோ தொடர்ந்தது. கடைசியாக நடத்தியவர் ரூபி காரெட். அவரை விழுத்தாட்டியது ஒழுக்கச் சட்டம் எதுவும் இல்லை, வருமான வரி வழக்கு.

நடுவில் வழிகாட்டி கேரி நேஷன் கதையையும் சொன்னார். கோடரியோடு சாராயக் கடைகளை நொறுக்கித் திரிந்த அந்த அம்மையார் 1910-ல் பியூட்டுக்கு வந்தார். இங்கே மே மலோய் என்ற பெண்ணின் நடனக் கூடத்துக்குள் புகுந்து, அவர் கையால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் அதில் ஒரு குஷி.

எங்கள் குழுவில் இரண்டு பேர் இறகுச் சால்வை கொண்டுவந்திருந்தார்கள். சன்னலுக்கு உள்ளே போய் உட்கார்ந்து மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, நானும் டிக்கெட் வாங்கித்தானே உள்ளே வந்திருக்கிறேன் என்று தோன்றி அந்தக் கோபத்துக்கு வலு இல்லாமல் போய்விட்டது.

கட்டடத்துக்கு டூமாஸ் என்று ஏன் பெயர்? நான்தான் கேட்டேன். உரிமையாளர்களில் ஒருவரான ஜோசப் நடோவின் மனைவி டெலியா, அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் டூமாஸ். வீட்டுக்காரியின் குடும்பப் பெயர் 92 வருடம் சுவரில் இருந்திருக்கிறது. உள்ளே இருந்த பெண்கள் வைத்துக்கொண்டதெல்லாம் தொழில் பெயர், ஊர் மாறினால் அந்தப் பெயரும் மாறும். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால் குன்றின் மேல் சுரங்கக் கோபுரங்கள். தூக்குமரம் மாதிரி இருக்கும், ஊர்க்காரர்களும் தூக்குமரம் என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சுரங்கங்களின் பெயர்களைக் கேளுங்கள்: ஆர்ஃபன் கேர்ள், ஆலிஸ், எம்மா, மின்னி ஹீலி. குழிகளுக்கு மட்டும் ஊரே நினைவில் வைத்திருக்கிற பெண் பெயர்கள்.

இரவு ஒன்பதரைக்குத்தான் இருட்டியது. கோபுரங்களில் சிவப்பு விளக்கு போட்டிருக்கிறார்கள். அழகுக்காகவாம். அம்மா மோட்டல் சன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "வேற கலரே கிடைக்கலையா இவங்களுக்கு?" என்றாள்.

மூன்றாம் நாள்: குழி, நூடுல்ஸ், மாதா

காலையில் பெர்க்லி குழி. 1955-ல் சுரங்கத்துக்குள் இறங்குவதை விட்டுக் குன்றையே மேலிருந்து தோண்டத் தொடங்கினார்கள். மீடர்வில் என்ற இத்தாலியக் குடியிருப்பு உட்பட ஊரின் ஒரு பகுதியையே குழி தின்றுவிட்டது. 1982-ல் மூடி, தண்ணீர் இறைக்கிற பம்புகளையும் நிறுத்தினார்கள். டூமாஸ் மூடிய அதே வருடம். நிலத்தடி நீர் ஊறி, பாறையிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி, இப்போது மைல் நீளத்துக்கு ஓர் ஏரி. குகைப் பாதை ஒன்றில் நடந்து போய் மேடையில் நின்று பார்க்க வேண்டும். தண்ணீர் துருப்பிடித்த சிவப்பு, ஓரங்களில் வேறு நிறம். 2016-ல் பனிப்புயலில் சிக்கிய வாத்துக் கூட்டம் இதில் இறங்கி ஆயிரக்கணக்கில் செத்தது. இப்போது பறவைகள் இறங்காமல் இருக்கச் சத்தம் எழுப்பி விரட்டுகிறார்கள். தண்ணீரைச் சுத்திகரித்து வெளியே விடுகிற வேலை 2019-லிருந்து நடக்கிறது.

அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கவயலில் சயனைட் மலைகள் இருக்கின்றன, தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண். காற்றடித்தால் வீட்டுக்குள் படியும். "எங்களுக்கு மேடு, இவங்களுக்குப் பள்ளம்" என்றாள்.

அங்கிருந்து கிரானைட் மௌன்டன் நினைவிடம். 1917 ஜூன் 8 இரவு. தீயை அணைக்கத் தண்ணீர்க் குழாய் ஏற்பாடு செய்வதற்காகத்தான் உள்ளே மின் கேபிள் இறக்கினார்கள். கேபிள் நழுவி விழுந்து மேலுறை கிழிந்தது. பார்க்கப் போனவரின் கார்பைடு விளக்கு எண்ணெய் தோய்ந்த உறையில் பட்டது. 168 பேர். பெரும்பாலும் புகையிலும் வாயுவிலும் மூச்சு முட்டித்தான் இறந்தார்கள். மானஸ் டகன் என்ற இளைஞர் தன்னோடு இருந்தவர்களைத் திரட்டி, கிடைத்த மரத்தையும் துணியையும் மண்ணையும் வைத்துச் சுவர் எழுப்பி, புகையை வெளியே நிறுத்தினார். 25 பேர் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. உள்ளே இருந்தபடி கர்ப்பிணி மனைவிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அம்மா அந்தப் பலகையை முழுதாக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். தங்கவயலில் வேளை கெட்ட வேளையில் சைரன் ஊதினால் லைன் பெண்கள் எல்லாரும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்களாம். இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இன்றைக்குப் புதிதாக ஒன்று சொன்னாள்: ஓடும்போது பாட்டி அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஓடுவாள். "ரெண்டு தீ வேணாம்னு."

மதியம் பாஸ்டி. கார்ன்வால் தொழிலாளிகள் கொண்டுவந்த பலகாரம், மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும். அந்தக் கார்ன்வால்காரர்கள்தான் தங்கவயலுக்கும் வந்தார்கள். பலகாரம் அங்கே தங்கவில்லை போல, அம்மாவுக்கு அதைத் தெரியவில்லை. எனக்கு உப்பு குறைவாக இருந்தது. அம்மா பையிலிருந்து ஊறுகாயை எடுத்தாள்.

மாய் வா அருங்காட்சியகம் மெர்க்குரி தெருவின் மேற்குப் பக்கம். சீனர்களின் பழைய மளிகைக் கடை, மாடியில் நூடுல்ஸ் கடை. 1890-களில் தொழிற்சங்கங்கள் சேர்ந்து சீனக் கடைகளைப் புறக்கணித்தன. சீன வணிகர்கள் வக்கீல் வைத்து நீதிமன்றம் போய் ஜெயித்தார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. இங்கே கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம், அம்மாவுக்குக் கால்வலி.

இரவு பீக்கின் நூடுல் பார்லர். 1911-லிருந்து ஒரே குடும்பம் நடத்துகிறது. செங்குத்தான படி ஏறிப் போனால் நடுவில் ஒரு நடைவழி, இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிறப் பலகைத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்கும் திரை. நேற்று டூமாஸைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு என்ன தோன்றும்? ஊரிலும் இதுவும் அந்த மாதிரி இடமாக இருந்தது என்று ஒரு வதந்தி ரொம்ப காலமாக உண்டு. உண்மை இல்லை. குடும்பத்தோடு வருபவர்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் போட்ட திரை அது. அந்தக் கால உணவகங்களில் சகஜம். அம்மா திரையை இழுத்து மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் காலை மடித்து உட்கார்ந்தாள். "நம்ம ஊர் ஓட்டல்ல குடும்ப அறைன்னு போட்டிருப்பாங்களே, அதுதான் இது." இரண்டு நாளில் அவள் ரொம்ப நிம்மதியாக உட்கார்ந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்தால் கிழக்கு மலை உச்சியில் வெள்ளையாக ஒரு உருவம், விளக்கு போட்டு. தொண்ணூறு அடி மாதா சிலை. மனைவியின் நோய் குணமானால் மாதாவுக்குச் சிலை வைப்பதாக ஊர்க்காரர் ஒருவர் நேர்ந்துகொண்டார். சுரங்க வேலை போய் ஊரே கிறங்கிக் கிடந்த காலத்தில் ஆளாளுக்குச் சேர்ந்து இரும்பு வெட்டி, பற்றவைத்து, 1985 டிசம்பரில் ஹெலிகாப்டரில் தூக்கி வைத்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் காணிக்கை, முக்கியமாகத் தாய்மார்களுக்கு. அம்மா கைகூப்பினாள். தங்கவயலில் வளர்ந்தவர்களுக்குக் கோயிலும் சர்ச்சும் பக்கத்துப் பக்கத்து வீடு.

"எல்லாப் பெண்களுக்கும்னா, கீழே அந்தத் தெருவுக்கும் சேர்த்துத்தானே?" என்றாள்.

"அப்படித்தான் எழுதியிருக்கும்மா."

நான்காம் நாள்: திரும்புகிறோம்

இன்றைக்கு முழுக்க வண்டி ஓட்டுவதுதான். எழுத ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன்.

மிசூலா தாண்டியதும், ஆற்றை ஒட்டிப் போகும்போது, அம்மா தானாகவே ஆரம்பித்தாள். அவர்கள் லைனில் கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். தனியாக இருப்பார். சம்பள நாளில் மட்டும் அந்த வீட்டுப் பக்கம் சத்தமாக இருக்கும். பிள்ளைகள் யாரும் அங்கே போகக் கூடாது என்பது பாட்டியின் கட்டளை. அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. குழாயடியில் அம்மாவின் குடத்துக்கு முறை வரும்போது யாராவது பெரியவர்கள் தள்ளிவிட்டால் அந்த அக்காதான் சண்டை போட்டு இடம் வாங்கிக்கொடுப்பாராம். ஒரு தடவை பெப்பர்மின்ட் கொடுத்தார். அம்மா அதை வாயில் போட்டுக்கொண்டு, வாசனை போகும்வரை வீட்டுக்குப் போகாமல் சயனைட் மேட்டில் சுற்றிவிட்டுப் போனாள்.

"என்ன ஆனாங்க?"

"ஒரு நாள் வீடு பூட்டியிருந்துது. அப்புறம் வேற யாரோ குடி வந்தாங்க."

"பேரு என்னம்மா?"

யோசித்தாள். ஒரு பெட்ரோல் பங்க் போனது, மரம் ஏற்றிய லாரி ஒன்று போனது.

"கடைசி வீட்டு அக்கான்னுதான் சொல்லுவோம். தாத்தாவோட டோக்கன் நம்பர்கூட எனக்கு ஞாபகம் இருக்கு பாரு. அவங்க பேர் தெரியலை. கேட்கவே இல்லை போல."

லுக்அவுட் கணவாய் ஏறி இறங்கினோம். ஃபோனில் மணி இரண்டு பத்திலிருந்து ஒன்று பத்துக்குப் போனது. போகும்போது தொலைத்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் காட்டினேன். அப்படியென்றால் டீ குடிக்க நேரம் இருக்கிறது, நிறுத்து என்றாள்.